மூன்று சாமி பாட்டுக்கு முன்னால்

அந்தப் பாடகி இறந்துவிட்டார் என்று நான் நம்பினேன். ஏதோ சந்தேகத்தோடு நம்பினேன் என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் சங்கரா மீன் பையோடு, ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் நின்றபடியே அந்த அம்மாவைக் கொன்று, அழுது, அடக்கமும் செய்து முடித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் உட்கார்ந்து இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

என் மேல் முழுத் தப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் மைக்செட் கட்டினால் முதலில் மூன்று சாமி பாட்டு போட வேண்டும். பிள்ளையாருக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று, நாகூர் ஆண்டவருக்கு ஒன்று. மஞ்சள் நீராட்டோ, காதுகுத்தோ, கேரம் போட்டியோ, எதுவானாலும் இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் சினிமா பாட்டு. சாவுக்கு மட்டும் சாமி பாட்டு கிடையாது. செத்தவருக்குப் பிடித்த பாட்டில் நேராக ஆரம்பித்துவிடுவார்கள். அது குத்துப் பாட்டாக இருந்தாலும் சரி. "அன்னிக்கு ஒரு நாளு சாமிகூட நம்ம டூ வுட்டுக்கினோம்னு அர்த்தம் மாமு" என்பார் மைக்செட் பாய். தண்டையார்ப்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருவின் எல்லா நல்லது கெட்டதுக்கும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்தான் வாய்.

அன்று காலை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். தெருமுனையில் பாயின் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறது. பிள்ளையார் இல்லை, மாதா இல்லை, நாகூர் இல்லை. நேராக அந்த அம்மாவின் பெரிய டிஸ்கோ பாட்டு. பிளாஸ்டிக் மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் அவருடைய பெரிய போட்டோ, போட்டோவுக்கு ரோஜா மாலை. பாய் ஏணியில் நின்று டியூப் லைட் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு மனிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அழுகிறார்.

பாட்டு வேறு பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது. சரணத்தில் நின்றது. மறுபடி சரணத்திலிருந்து வந்தது. துக்கம் தாங்காமல் பாயால் பாட்டை முழுதாக ஓடவிட முடியவில்லை என்று முடிவு செய்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். பாட்டில் குரலே இல்லை. வெறும் இசைதான் ஓடியது. குரல் போய்விட்டது, இசை மட்டும் மிச்சம் என்று பாய் உலகத்துக்குச் சொல்கிறார், எவ்வளவு பெரிய அஞ்சலி என்று நினைத்தேன். மீன் பையிலிருந்து தண்ணீர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்தும் ஏதோ சொட்டியது.

போனை எடுத்துத் தேடினேன். எந்தச் செய்தியிலும் எதுவும் இல்லை. சாதாரண மனிதனுக்கு இதில் நிம்மதி வந்திருக்கும். எனக்குக் கூடுதல் பயம் வந்தது. மறைக்கிறார்கள்.

இந்த இடத்தில் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஐம்பது தாண்டிய, துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற ஒருவன் தெருவில் நின்று ஏன் மூக்கைச் சிந்தினான் என்று புரியாது.

சட்டையெல்லாம் ஜிகினா வைத்து, தரையில் கலர் விளக்கு எரியவிட்டு ஹீரோக்கள் ஆடிய காலத்தில் வந்தவர் அவர். படத்தில் கதாநாயகிக்கு வேறு யாராவது பாடுவார்கள். கோயில் பாட்டு, தாலாட்டு, மழைப் பாட்டு எல்லாம் அவர்களுக்குப் போகும். கிளப்பில் ஆடுகிறவளுக்கு மட்டும் இவரைக் கூப்பிடுவார்கள். அந்த ஆட்டக்காரி பாட்டு முடிந்ததும் காணாமல் போவாள். இல்லாவிட்டால் ஹீரோவுக்கு வருகிற குண்டுக்குக் குறுக்கே வந்து நிற்பாள். அவளுக்குப் படத்தில் பெயர்கூட இருக்காது. ஆனால் படம் மறந்துபோய், ஹீரோ மறந்துபோய், இன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் மிச்சம் இருப்பது அந்தப் பாட்டுதான்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கொருக்குப்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை ரசிகர்கள். தினமும் காலையில் யாராவது அவர் பாட்டு ஒன்றைப் போடுவார்கள், மற்றவர்கள் அதில் தாங்கள் கேட்டதைச் சொல்வார்கள். எர்ணாவூர்க்காரர் ஒருவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் வண்டி வரிசை நகராமல் நிற்கும்போது அவருக்கு இந்தப் பாட்டுகள்தான் துணை. அந்தப் பெரிய டிஸ்கோ பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்த அம்மா ஒரு மூச்சு இழுப்பார், அந்த மூச்சுக்காகத்தான் பாட்டே என்பது அவர் கட்சி. பாய்க்கு அதில் வரும் சிரிப்பு. அது சும்மா சிரிப்பு இல்லை, தாளத்துக்குத் தாளம் இடைவெளியில் விழுகிற சிரிப்பு, டிரம்ஸ்காரனே அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்திருக்கிறான் என்பார். நான் குழுவில் பெரும்பாலும் ஜோக் போடுகிறவன்.

என் அக்கா குழுவில் எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் எங்கள் எல்லாரையும்விட அந்த அம்மாவை அறிந்தவள் அவள்தான். ஒருமுறை நான் கேட்டேன், அவங்ககிட்ட உனக்கு என்னதான் பிடிக்கும் என்று. வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவங்க கூச்சப்படவே இல்லடா, அதான்" என்றாள்.

அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்தவள். அத்தான் காலமான பிறகு எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். அந்தக் கம்பெனி ஹாலில் நூற்றுக்கணக்கான மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து அவள் இந்தப் பாட்டுகளைப் பாடுவாள். பக்கத்து மிஷின்காரிகளுக்குக் கேட்காது. உதடு அசைவதைப் பார்த்து, இன்றைக்கு எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பார்களாம். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கம்பெனித் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "உங்க அக்கா அருமையா பாடுவாங்க" என்றாள் ஒருத்தி. கேட்டிருக்கிறீர்களா என்றேன். "பாத்துக்கீறோம்" என்றாள்.

போன வருடம் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். எடுத்துவிட வேண்டும், மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எடுத்த பிறகுதான் அது என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். கூடவே, குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது, குரல் மாறலாம், அநேகமாகத் திரும்பிவிடும், எழுதித் தர முடியாது என்றும் சொன்னார் டாக்டர். அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். அட்மிட் ஆகச் சொன்ன நாளில் போகவில்லை. அடுத்து கொடுத்த நாளிலும் போகவில்லை. ஒருமுறை கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு, பூட்டிய மாடிக் கதவுக்கு வெளியே நான் நிற்க, அவள் மாதா கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள் டிவியில் அந்தப் பாடகி வந்தார். வயதாகியிருந்தது. அதே பழைய டிஸ்கோ பாட்டைப் பாடச் சொன்னார்கள். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. அவர் ஒரு நொடி நின்றார், சிரித்தார், விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தார். அக்கா டிவியை அணைத்துவிட்டு, "போச்சுன்னா சிரிச்சுட்டு மீதியப் பாட வேண்டியதுதான் போலக்கீது" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து நாள் கேட்டாள். திங்கட்கிழமை என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறுதான் நான் மீன் பையோடு நின்றது.

இப்போது புரிந்திருக்கும். அந்த அம்மாவைப் பார்த்துத்தான் அக்கா தைரியம் பிடித்தாள். அந்த அம்மா போய்விட்டார் என்று தெரிந்தால் நாளைக்கு மறுபடியும் மாதா கோயில்தான். கட்டி கழுத்திலேயே இருக்கும். நாளைக் காலை அவளை ஆட்டோவில் ஏற்றும்வரை இந்தச் சாவை மறைத்தாக வேண்டும்.

மறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் முதலில் செய்த காரியம், குழுவில் 'நம் தெய்வக் குரல் நம்மை விட்டுப் பிரிந்தது' என்று போட்டது. அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. பதறி அழித்தேன். அதற்குள் யாரோ பார்த்திருந்தார்கள். அது பிறகு வருகிறது.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா எங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகத் தெருமுனைப் பாட்டு நன்றாகக் கேட்டது. மிக்சியைப் போட்டேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. எதுவும் இல்லை என்று சத்தத்திலிருந்து தெரிந்தது.

"இன்னாத்த அரைக்கிற?" என்றாள் அக்கா.

தேங்காய் என்றேன்.

"தேங்கா எங்க?"

அரைந்துவிட்டது என்றேன்.

அவள் மீனைக் கழுவ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போன நேரத்தில் டிவியின் கேபிளைப் பிடுங்கினேன். அவள் போன் மேடைமேல் இருந்தது. அதை எடுத்து அரிசி டிரம்முக்குள், முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாக இருந்தது. அக்கா திரும்பி வந்து மீனுக்கு மஞ்சள் தடவினாள். அப்போது அரிசிக்குள்ளிருந்து அந்த டிஸ்கோ பாட்டின் ஆரம்ப இசை வந்தது. அவளுடைய ரிங்டோன் அது.

அக்கா டிரம்மைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அரிசிக்கு போன் வந்துகீது. எடுத்துக் குடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். பாயின் பெயர் தெரிந்தது. பிடுங்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் மஞ்சள் கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டாள். மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஏறிப் போய்க் கதவில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய முனகல். நிற்கிறது, மறுபடி வருகிறது. அழுகிறாள். பாய் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்தது.

படிகளில் இரண்டிரண்டாக இறங்கினேன்.

தெருமுனைக்கு ஓடிப்போய் ஏணியைப் பிடித்து உலுக்கினேன். பாய் மேலே டியூப் லைட்டோடு ஆடினார்.

"ஒரு நாள் பொறுக்கக் கூடாதா பாய்? நாளைக்கு அவ ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"தெர்யும் மாமு. அதுக்காவத்தான இதெல்லாம்."

"எதெல்லாம்? சாவா?"

"யாரு சாவு?"

நான் போட்டோவைக் காட்டினேன். பாய் போட்டோவைப் பார்த்தார். இறங்கி வந்து இன்னொரு முறை பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து எர்ணாவூர் டிரெய்லர்க்காரர் இறங்கினார். கறுப்புச் சட்டை. கண் வீங்கியிருந்தது. இரண்டு கையாலும் ஒரு பெரிய மலர் வளையத்தைத் தாங்கிக்கொண்டு வந்தார். என் செய்தியைப் பார்த்தவர் அவர்தான்; வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேராக எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்.

பாய் மலர் வளையத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமு, யாரைக் கொன்ன நீ?"

நடந்ததைப் பாய் சொல்லச் சொல்ல டிரெய்லர்க்காரர் மலர் வளையத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். அக்கா ஒரு வாரத்துக்கு முன்பு பாயின் கடைக்குப் போயிருக்கிறாள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலையில், தெருமுனையில், மைக்கில், ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மிஷின் சத்தத்தில் பாடின குரலைத் தானே ஒரு முறை வெளியே கேட்க வேண்டும், பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றாளாம். பாட்டுக்குக் குரல் இல்லாத இசையைப் பாய் எங்கோ தேடி வாங்கி வந்திருக்கிறார். காலையில் நிறுத்தி நிறுத்திப் போட்டது அந்த இசையை; அக்காவின் சுருதிக்கு எவ்வளவு இறக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு. போனில் அவள் மாடியிலிருந்து மெல்லப் பாடிக் காட்டினாள். நான் கதவில் கேட்ட முனகல் அதுதான்.

"அப்போ சாமி பாட்டு?" என்றேன். எனக்கு அது இன்னும் இடித்தது.

"டெஸ்டிங்குக்கு எவனாவது சாமி பாட்டு போடுவானா? நிகழ்ச்சி சாயங்காலம். சாயங்காலம் போடுவேன்."

"மாலை?"

"உங்க அக்காதான் வாங்கிக் குடுத்தாங்க. ஹீரோ கட் அவுட்டுக்கு மாலை போட்றோம், அப்ப அவன் செத்தா பூட்டான்?"

காலையில் என்னைப் பார்த்ததும் முகத்தை ஏன் திருப்பிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பாய் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாங்க. உன் மூஞ்சியப் பாத்தா நான் உளறிடுவேன் மாமு" என்றார்.

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. கேரம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அதுதான் செருப்பில் கல் மாதிரி உறுத்தியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். குழுவில் ஜோக் போட்டிருப்பேன். டிக்கெட் எவ்வளவு என்று கேட்டிருப்பேன். மேடைக்குக் கீழே ஆம்புலன்ஸ் நிற்குமா என்று கேட்டிருப்பேன். எல்லாரும் சிரித்திருப்பார்கள். அவளும் சிரித்திருப்பாள், பிறகு பாயிடம் போய் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். எனக்குப் பயம் வந்தால் நான் ஜோக் அடிப்பேன். அந்தக் கட்டி வந்ததிலிருந்து நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஹாலை விட்டு வந்த பிறகும் அவளுக்குப் பக்கத்தில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அவள் கீழே இறங்கி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மிக்சியை, கேபிளை, அரிசியை, மலர் வளையத்தை. அவள் முழுதும் கேட்டாள்.

"அவங்க செத்துட்டாங்கன்னா நான் போவ மாட்டேன்னு நெனச்சியா?"

ஆமாம் என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சுகினு இருந்தேன்" என்றாள். "இப்ப யோசிச்சுப் பாத்தா, போயிருப்பேன்டா. கேபிள மாட்டு."

சாயங்காலம் பிள்ளையார் பாட்டு வந்தது. மாதா பாட்டு வந்தது. நாகூர் ஆண்டவர் பாட்டு வந்தது. ஒவ்வொன்றும் முழுதாக ஓடியது. நான் அவ்வளவு கவனமாக அவற்றைக் கேட்டதே இல்லை. பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கம்பெனித் தோழிகள் முன்வரிசையில் இருந்தார்கள். மலர் வளையத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா வந்து அதைப் பார்த்தாள், பூவை வீணாக்கக் கூடாது என்று அதை ஸ்பீக்கர் கம்பத்தில் மாட்டச் சொன்னாள். கறுப்புச் சட்டைக்காரர் பக்தியோடு மாட்டினார்.

நீலப் புடவை கட்டி வந்திருந்தாள். கழுத்தை மறைக்கவில்லை. இசை தொடங்கியது. முதல் வரியைக் கொஞ்சம் முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள், இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டாள். அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மெல்லியதாக, வீட்டுக்குள் அடங்குவதாக. இது அப்படி இல்லை. கனமாக, கொஞ்சம் திமிராக இருந்தது. தெரு முழுக்கப் போனது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் அந்த மூச்சு மைக்கில் பெரிதாகக் கேட்டது, கட்டி அழுத்தியதால் அதில் ஒரு கரகரப்பும் இருந்தது. டிரெய்லர்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. இசை அவளுக்காக நிற்கவில்லை. அவள் நின்றாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாளத்தில் விழவில்லை. பிறகு ஓடிக்கொண்டிருந்த இசையில் ஒரு இடம் பார்த்து ஏறிக்கொண்டு முடித்தாள்.

முன்வரிசையில் ஒரு தோழி பக்கத்தில் இருந்தவளிடம், "இவ்ளோ சத்தமாவா பாடிகினு இருந்தா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்கா எனக்கு முன்பே கிளம்பித் தயாராகி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். கட்டியை எடுத்தார்கள். பரிசோதனையில் அது கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. பல வாரங்களுக்கு அவளுக்குக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது, சுருதியில் முன்பு இருந்ததைவிட ஒரு கட்டை கீழே. மேலே போகும் இடம் இப்போது அவளுக்கு எட்டுவதில்லை. அந்தப் பாடகி நலமாக இருக்கிறார்.